ரிடர்ன் கோடு ஜீரோ, சார்

மெயின்ஃபிரேமில் வேலை பார்க்காதவர்களுக்கு 'சார்ட்' என்றால் வரிசைப்படுத்துவது, அவ்வளவுதான். எங்களுக்கு அது அடுக்களை அரிவாள்மனை மாதிரி. காய் நறுக்கவும் அதுதான், தேங்காய் துருவவும் அதுதான், அவசரத்துக்குப் பார்சல் கயிறு அறுக்கவும் அதுதான். ஒரு ஃபைலை நகல் எடுக்க, வேண்டாத ரெக்கார்டுகளைக் கழிக்க, தொகை கூட்ட, ஃபீல்டுகளை இடம் மாற்ற, ரிப்போர்ட் அடிக்க என்று எல்லாவற்றுக்கும் சார்ட்டைத்தான் கூப்பிடுவோம். பல நாள் நாங்கள் எழுதும் முதல் வரியே 'சார்ட் ஃபீல்ட்ஸ்=காப்பி' என்று இருக்கும். அதாவது, வரிசைப்படுத்தும் புரோகிராமைக் கூப்பிட்டு, "நீ வரிசைப்படுத்த வேண்டாம்" என்று சொல்வது!

இதற்குக் காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. ஒரு சின்ன மாற்றத்துக்குக் கோபாலில் புரோகிராம் எழுதினால் கம்பைல் செய்யவேண்டும், லைப்ரரியில் ஏற்ற ஒப்புதல் வாங்கவேண்டும், அதைப் பத்து வருஷம் பராமரிக்க ஆள் வேண்டும். சார்ட்டுக்கு ஜேசிஎல்லில் இரண்டு வரி போதும். ஐபிஎம்மின் டிஎஃப்சார்ட் ஆகட்டும், அதற்குப் போட்டியாக வந்த சிங்க்சார்ட் ஆகட்டும், இரண்டும் வேகத்திலும் கோபாலுக்கு இளைத்தவை அல்ல. என் அனுபவத்தில் பெரும்பாலும் கூடுதல் வேகம்தான்.

அந்த இரண்டு வரியில் செய்யக்கூடிய வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். ஒரு எழுத்தை வேறு எழுத்தாக மாற்றுவது. கேட்க ரொம்ப அல்பமாக இருக்கும். சில ஆயிரம் பேருக்குத் தப்பான தொகையில் செக் போக இருந்ததும் இதனால்தான்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். என் தங்கை போல வீட்டில் இருந்து படிப்பவர்களுக்காக இது.) கணினிக்குள் எழுத்து என்று ஒன்று கிடையாது. எண்தான். ஒரு பைட்டுக்குள் 0 முதல் 255 வரை ஏதோ ஒரு எண் இருக்கும். அதைப் பதினாறின் அடுக்கில் இரண்டு இலக்கமாக எழுதுவோம். ஒன்பதுக்கு மேல் ஏ, பி, சி என்று எஃப் வரை போகும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது ஒப்பந்தம். உங்கள் வீட்டுக் கணினியில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து 41. அது ஆஸ்கி ஒப்பந்தம். ஐபிஎம் 1964-இல் சிஸ்டம்/360 இயந்திரத்தை அறிவித்தபோது எப்சிடிக் என்று தனக்கென ஒன்று வைத்துக்கொண்டது. அதில் அதே எழுத்து சி1. இடைவெளி 40. இலக்கங்கள் எஃப்0 முதல் எஃப்9 வரை.

எப்சிடிக்கில் எழுத்துகள் தொடர்ச்சியாக இருக்காது என்று புதிதாக வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். முதல் ஒன்பது எழுத்து சி1 முதல் சி9 வரை. அடுத்த ஒன்பது டி1 முதல் டி9 வரை. மிச்சம் எட்டும் இ2-வில் தொடங்கும், இ1 இல்லை. இது பஞ்ச் கார்டின் மிச்சசொச்சம். கார்டில் மேல் வரிசையில் ஒரு துளை, கீழே 1 முதல் 9 வரை ஏதோ ஒரு இடத்தில் இன்னொரு துளை, இரண்டும் சேர்ந்தால் ஒரு எழுத்து. மூன்றாவது கூட்டத்தில் 1-ஆம் இடம் சாய்கோட்டுக்குப் போய்விட்டதால் எஸ் என்ற எழுத்து 2-இல் ஆரம்பித்தது. அட்டை போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அந்தத் துளை மட்டும் போகவில்லை.

ஆனால் இந்த ஒழுங்கீனத்தில் ஓர் அழகு உண்டு. சின்ன எழுத்துகள் 81-இல் தொடங்கும். 81-உடன் 40 கூட்டினால் சி1. எல்லாச் சின்ன எழுத்துக்கும் அதன் பெரிய எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் சரியாக 40. இடைவெளியின் எண்ணும் 40! ஆகவே அசெம்ப்ளரில் எழுதுகிறவர்கள் ஒரு பெயரின் மேல் வெறும் இடைவெளிகளை 'ஆர்' செய்வார்கள். பெயர் முழுக்கப் பெரிய எழுத்தாகிவிடும். முதல்முறை இதை ஒரு பெரியவர் செய்து காட்டியபோது எனக்கு மோடி வித்தை பார்த்த மாதிரி இருந்தது.

சார்ட்டில் இந்த வித்தை எல்லாம் வேண்டாம். 'ட்ரான்=எல்டியூ' என்று போட்டால் சின்னதைப் பெரிதாக்கும், 'ட்ரான்=யூடிஎல்' என்றால் பெரிதைச் சின்னதாக்கும். (இதை எல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தால் இயந்திரம் காறித் துப்பிவிடும். இங்கே படிக்க மட்டும்.) ஒரு சின்ன எச்சரிக்கை. எல்டியூ மாற்றுவது சாதாரண 26 எழுத்தைத்தான். ஸ்பானியப் பெயரான ஹொசேயின் கடைசி எழுத்தின் தலையில் ஒரு கோடு இருக்கும். அந்த எழுத்து மட்டும் சின்னதாகவே நின்றுவிடும். அமெரிக்காவில் அப்படிப்பட்ட பெயர்கள் ஏராளம்.

இதையெல்லாம் விடப் பலம் வாய்ந்தது 'ஆல்ட்சீக்'. 256 கட்டங்கள் உள்ள ஓர் அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பைட்டும் வந்து தன் எண் போட்ட கட்டத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விடும். சாதாரணமாக எல்லாக் கட்டத்திலும் அதனதன் எண்ணே இருக்கும், ஆகவே ஒன்றும் மாறாது. நாம் சில கட்டங்களை மட்டும் மாற்றி வைக்கலாம். 'ஆல்ட்சீக் கோட்=(0040)' என்றால் 00 என்று வருகிறவன் 40 ஆகப் போகட்டும் என்று அர்த்தம். சிஸ்டம்/360-இல் இதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. ஒரே அடியில் 256 பைட் வரை இப்படி மாற்றும். அறுபது வருஷம் ஆகியும் அந்தக் கட்டளை இன்றைய இயந்திரங்களில் அப்படியே இருக்கிறது.

இந்த அலமாரி முறையில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு பைட்டும் ஒரே ஒருமுறைதான் உள்ளே போய் வரும். ஜெர்மனியில் பணத்தை 1.234,56 என்று எழுதுவார்கள். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் கமா, கமா இடத்தில் புள்ளி. எடிட்டரில் இதை மாற்றப் போனால் முதலில் கமாவை எல்லாம் புள்ளியாக்குவீர்கள். அதோடு எது பழைய புள்ளி, எது புதுப்புள்ளி என்று தெரியாமல் போய்விடும். நடுவில் மூன்றாவதாக ஒரு குறியைக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். ஆல்ட்சீக்கில் 'கோட்=(6பி4பி,4பி6பி)' போதும். கமா புள்ளியாகும், அதே ஓட்டத்தில் புள்ளி கமாவாகும், ஒன்றையொன்று மிதிக்காது.

ஆல்ட்சீக் என்ற பெயருக்கே 'மாற்று வரிசை' என்றுதான் பொருள். அதன் பிறவிக் காரியம் எழுத்தை மாற்றுவது இல்லை. எப்சிடிக்கில் சின்ன எழுத்து முதலில் வரும், பிறகு பெரிய எழுத்து, இலக்கங்கள் கடைசி. ஆஸ்கியில் இலக்கம், பெரிது, சின்னது என்று வரும். அந்த வரிசை வேண்டாம், வேறு வரிசையில் அடுக்கு என்று சொல்லத்தான் இந்த அட்டவணை. சார்ட் ஃபீல்டில் 'ஏக்யூ' என்று வகை போட்டால், ஒப்பிடும்போது மட்டும் அந்த அட்டவணை வழியாகப் பார்க்கும், ரெக்கார்டைத் தொடாது. அதே அட்டவணையை அவுட்ரெக்கில் 'ட்ரான்=ஆல்ட்சீக்' என்று போட்டால் ரெக்கார்டையே மாற்றி எழுதிவிடும். முதலாவது மூக்குக்கண்ணாடி. இரண்டாவது ரப்பரும் பேனாவும். ஒரே அட்டவணை, இடத்தைப் பொறுத்து இரண்டு வேலை.

ஒரு பைட்டுக்கு ஒரு பைட் என்பதுதான் இதன் எல்லை. ஒரு சொல்லை எடுத்து வேறு நீளமுள்ள சொல்லைப் போட இது உதவாது. அதற்குப் பிற்பாடு 'ஃபைண்ட்ரெப்' வந்தது. தமிழில் பழைய டிஸ்கி எழுத்துருவில் எழுதியதை யூனிகோடுக்கு மாற்ற முயன்ற நண்பர்களுக்கும் இந்தச் சங்கடம் தெரியும். டிஸ்கியில் 'கெ' என்பதில் கொம்பு முன்னாடி, ககரம் பின்னாடி, கண்ணுக்குத் தெரிகிறபடியே இருக்கும். யூனிகோடில் ககரம் முன்னாடி, கொம்பு பின்னாடி. 256 கட்ட அலமாரியை வைத்துக்கொண்டு முன்னதைப் பின்னதாக்க முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அலமாரிக்கு ஒரு குணம் உண்டு. வருகிற பைட் எழுத்தா, எண்ணா, வேறு எதாவதா என்று அது கேட்காது. கேட்டாலும் பைட்டுக்குச் சொல்லத் தெரியாது.

எண்களை மெயின்ஃபிரேமில் பல விதமாக வைப்போம். இலக்கத்துக்கு ஒரு பைட் என்று வைக்கும் 'ஜோன்டு' முறையில் மைனஸ் 123 என்பது எஃப்1, எஃப்2, டி3 என்று இருக்கும். திரையில் பார்த்தால் '12எல்' என்று தெரியும். கடைசியில் இருக்கும் 'எல்' எழுத்தே அல்ல. மைனஸ் மூன்று. அந்த ஃபீல்டின் மேல் யூடிஎல் ஓட்டினால் டி3 என்பது 93 ஆகும். கூட்டல் கழித்தல் குறி இருக்கவேண்டிய இடத்தில் 9 வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து அதைக் கூட்டப்போகும் கோபால் புரோகிராம் எஸ்-ஜீரோ-சி-செவன் என்று கூவிக்கொண்டு விழும். எங்கள் தலைமுறையின் தூக்கத்தைக் கெடுத்த எண் அது. ஆனால் அது நல்லவன். தப்பு நடந்ததும் ஊரைக் கூட்டிவிடுவான்.

பேக்டு டெசிமல் என்று இன்னொரு முறை. ஒரு பைட்டில் இரண்டு இலக்கத்தை அடைத்து, கடைசி அரை பைட்டில் குறியை வைப்பது. 123.45 என்பது 12 34 5சி. மூன்றே பைட். கோபாலில் காம்ப்-3 என்பார்கள். டிஸ்க் யானை விலை விற்ற காலத்தில் வந்த சிக்கனம், பழக்கம் விடவில்லை.

2006 வாக்கில் சென்னையில் இருந்துகொண்டு ஒரு அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்த்தோம். பாலிசிதாரர்களுக்கு ரீஃபண்ட் செக் அனுப்புவதற்கு ஒரு ஃபைல். ரெக்கார்டு நீளம் 150. முதல் 8 பாலிசி எண், பிறகு 30 பெயர், 60 முகவரி, பிறகு ரீஃபண்ட் தொகை மூன்று பைட் பேக்டு, மீதி எத்தனை மாதம் என்பது இரண்டு பைட் பைனரி, அப்புறம் வேறு சில. சிஐசிஎஸ் திரையில் யாரும் தட்டாமல் விட்ட இடங்கள் 00 ஆகவே வந்து முகவரிக்குள் உட்கார்ந்திருந்தன. லோ-வேல்யூஸ் என்போம். செக் அச்சடிக்கும் பிரிவில் முகவரி கன்னாபின்னாவென்று விழுந்தது. அங்கிருந்து ஒரு மெயில்: ஃபைலில் உள்ள நல்களை எல்லாம் ஸ்பேஸ் ஆக்கித் தரவும். ஒரே வரி.

வேலை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் போனது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், நல்ல சூட்டிகை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டான். ஆல்ட்சீக் கோட்=(0040), அவுட்ரெக் ஃபீல்ட்ஸ்=(1,150,ட்ரான்=ஆல்ட்சீக்). ஃபைலில் உள்ள நல் எல்லாம் என்றுதானே கேட்டார்கள்? எல்லாம் மாறிற்று. பத்து ரெக்கார்டு போட்டு டெஸ்ட் செய்தான். முகவரி சுத்தமாக வந்தது. ரிடர்ன் கோடு ஜீரோ. அங்கே இருந்தவர்களும் பார்த்து, சரி என்று பதில் போட்டார்கள்.

அந்த டெஸ்ட் ஃபைலை நான் பிறகு பார்த்தேன். தொகைகள் 123.45, 678.90, 234.56 என்று இருந்தன. உலகம் முழுக்க டெஸ்ட் டேட்டா தயாரிக்கிறவர்கள் இப்படித்தான் விரலுக்கு வந்த வரிசையில் தட்டுகிறார்கள். அதில் எங்கேயும் 00 என்று ஒரு முழு பைட் வராது. நிஜ மனிதர்களுக்கு வரவேண்டிய பணம் அப்படி இருக்குமா? ஒருவருக்கு 1.23 டாலர், அது 00 12 3சி. முதல் பைட் 40 ஆகிவிட்டால் 40 12 3சி, அதாவது 401.23 டாலர். பத்து டாலர் வரவேண்டியவருக்கு 01 00 0சி என்பது 01 40 0சி ஆகிப் பதினான்கு டாலர். நூறு டாலர்காரருக்கு நூற்று நான்கு. 12.34 வரவேண்டியவருக்கு மட்டும் சரியாக 12.34. பூஜ்யம் டாலராக இருந்திருந்தால் 404.00! இன்றைய பிள்ளைகளுக்கு 404 என்றால் வேறு அர்த்தம். நல்ல வேளை, பூஜ்யக்காரர்கள் அந்த ஃபைலில் இல்லை.

இதில் பயங்கரம் என்ன தெரியுமா? எஸ்-ஜீரோ-சி-செவன் வரவே வராது. 4-உம் இலக்கம், 0-உம் இலக்கம். 40 என்பது பேக்டு ஃபீல்டுக்குள் முழுக்க முழுக்கச் சட்டபூர்வமான பைட். இடைவெளிக்குப் பதில் புள்ளி கேட்டிருந்தார்களானால் 4பி வந்திருக்கும். 'பி' இலக்கம் இல்லை என்று இயந்திரம் அன்று இரவே படுத்திருக்கும், நாங்களும் பிழைத்திருப்போம். ரெக்கார்டு எண்ணிக்கை மாறவில்லை. ஃபைல் நீளம் மாறவில்லை. எந்த ஜாபும் விழவில்லை. தொகையோ, பார்த்தால் சந்தேகமே வராத தொகை. ரீஃபண்டில் 401 டாலர் என்றால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

செக்குகள் இரவில் அச்சாகி, காலையில் உறைக்குள் போய்க்கொண்டிருந்தன. எங்களுக்கு மாலை ஏழரை மணி இருக்கும். ஏஜெண்டுகள் பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார் ஃபோன் செய்தார். வயதில் என்னை விடப் பெரியவர் என்று குரலிலேயே தெரியும். அதே ஃபைலில் இருந்து அவருக்கு ஒரு லிஸ்ட் போகும். அதில் தொகை கிடையாது, மீதி மாதம் மட்டும். ரொம்பப் பணிவாக, "இனிமேல் மாதக் கணக்கை விட்டு நாள் கணக்குக்கு மாறிவிட்டோமா? எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்று கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு, ஐந்து மாதம் மிச்சம் இருக்கவேண்டியவருக்கு 16,389 என்று வந்திருக்கிறது என்றார். "நாள் என்று வைத்து வகுத்துப் பார்த்தேன், அப்போதும் நாற்பத்து நான்கு வருஷத்துக்கு மேல் வருகிறது, அதனால்தான் கேட்கிறேன்."

மாதமாகவே வைத்தால் 1,365 வருஷம் 9 மாதம். 00 05 என்பது 40 05 ஆகியிருக்கிறது; பைனரியில் அது 16,389. (அந்த லிஸ்டைக் கோபாலில் நான்கு இலக்க ஃபீல்டாக அடித்திருந்தால், கம்பைலர் ஆப்ஷனைப் பொறுத்து முதல் இலக்கத்தை விழுங்கி 6,389 என்று காட்டியிருக்கவும் கூடும்.) வரிக்கு வரி பதினாறாயிரத்துச் சொச்சம் என்பதால் அந்த அம்மையார் கண்ணில் பட்டது. அவர் பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தார் பாருங்கள், அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏதோ கணினிக் கோளாறு என்று லிஸ்டை மடித்து வைத்திருந்தால் உறைகள் எல்லாம் மத்தியானத் தபாலில் போயிருக்கும்.

தம்பியைக் கூப்பிட்டேன். ஃபைலை ஐஎஸ்பிஎஃப்பில் திறந்து 'ஹெக்ஸ் ஆன்' போடச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே மேலும் கீழுமாக இரண்டு இலக்கம் தெரியும். பாலிசி எண், பெயர், முகவரி எல்லாம் தாண்டி 99-ஆவது பத்தியில் வரிசையாக 40, 40, 40. அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"ரிடர்ன் கோடு ஜீரோ சார்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ஜீரோதான் சார் வந்துச்சு."

அவன் உடனே சொன்ன யோசனை, திருப்பி மாற்றிவிடலாம் என்பது. "கோட்=(4000) போட்டு ஓட்டிரவா சார்? பழையபடி வந்துரும்லா?"

வராது. கமா புள்ளி விவகாரத்தில் ஒன்று இங்கே போனது, ஒன்று அங்கே வந்தது; திரும்பி வர வழி உண்டு. இங்கே இரண்டு ஆறு சேர்ந்து ஒன்றாகிவிட்டது. உண்மையிலேயே 401.23 டாலர் வரவேண்டிய ஒருவருடைய பைட்டுகளும் 40 12 3சி-தான், 1.23 டாலர்காரருடையதும் இப்போது 40 12 3சி-தான். ஃபைலுக்குள் இருந்துகொண்டு யார் எவர் என்று சொல்ல யாராலும் முடியாது. முகவரியில் உள்ள நிஜ இடைவெளிகளும் திரும்ப 00 ஆகிவிடும். மாற்றத்துக்கு முந்தைய ஃபைல் ஜிடிஜியில் முந்தைய ஜெனரேஷனாக இருந்தது. அதில் இருந்துதான் மறுபடி தொடங்கினோம். அச்சான செக்குகளை அங்கே மொத்தமாக நிறுத்தி வைத்து அழித்தார்கள். நல்லது கெட்டது பிரிக்க யாரும் மெனக்கெடவில்லை.

திருத்தம் அதே இரண்டு வரிதான்: அவுட்ரெக் ஃபீல்ட்ஸ்=(1,8,9,90,ட்ரான்=ஆல்ட்சீக்,99,52). ஒன்பதாவது இடத்தில் இருந்து தொண்ணூறு பைட், பெயரும் முகவரியும் மட்டும். அவை மாத்திரம்தான் எழுத்து. மற்றதைத் தொடாதே.

அன்று இரவு கான்ஃபரன்ஸ் கால். அந்தப் பக்கம் ஒரு மேனேஜர், யார் செய்தது என்று பெயர் கேட்டார். தம்பி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்போது புரொபேஷன் கூட முடியவில்லை. எங்கள் லீடு பெயர் சொல்லவில்லை. வந்த மெயிலை அப்படியே படித்துக் காட்டினார். "ஃபைலில் உள்ள நல்களை எல்லாம்." கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. பிறகு அந்த மேனேஜர், சரி, எப்போது மறுபடி ஓட்டுவீர்கள் என்று கேட்டார்.

மெயில் அனுப்பியவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்கு ஃபைல் என்பது பெயரும் முகவரியும்தான்; அதைத்தான் அவர் அச்சடித்துப் பார்க்கிறார். தம்பிக்கு ஃபைல் என்பது 150 பைட். காப்பிபுக் என்ற ஒரு தாளில்தான் எது பெயர், எது பணம் என்று எழுதியிருக்கும். அதை அவர்கள் அனுப்பவில்லை, இவன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிறகு தனியாக விசாரித்தேன். "இது கூடத் தெரியாதான்னு நெனச்சுருவாங்களோன்னு இருந்துச்சு சார்" என்றான். கடல் தாண்டி வேலை வாங்கி வந்த எங்கள் ஊர் ஆபீஸ்கள் பலவற்றில் இருந்த வியாதி இது. 'சரி, செய்துவிடுகிறோம்' என்று சொல்வது சாமர்த்தியம், கேள்வி கேட்பது அசட்டுத்தனம். சீனியர்களான நாங்களும் அதை மாற்ற ஒன்றும் பெரிதாகச் செய்ததில்லை.

அதற்குப் பிறகு அவன் தனக்கென்று ஒரு டெஸ்ட் ஃபைல் செய்து வைத்துக்கொண்டான். அதில் தொகைகள் 0.00, 1.23, 10.00, 100.00, மைனஸ் 0.07. புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் கொடுப்பான். எஃப்டிபியில் ஃபைலை டெக்ஸ்ட் மோடில் இழுத்து, பேக்டு தொகை எல்லாம் சேர்ந்து ஆஸ்கிக்கு மாறிக் குட்டிச்சுவரான ஒரு கேஸ் வேறொரு குழுவில் வந்தபோது, ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்தது அவன்தான். அனுப்புவதற்கு முன்னாலேயே சார்ட்டில் பேக்டு தொகையைப் படிக்கிற இலக்கமாக விரித்துவிட வேண்டும், அப்புறம்தான் மாற்றம் என்று அவர்களுக்கு எழுதியும் கொடுத்தான்.

இப்போது பெங்களூரில் பெரிய பதவியில் இருக்கிறான். போன மாதம் பேசினான். ஏதோ ஒரு கம்பெனி மெயின்ஃபிரேமை மூடிவிட்டு எல்லாவற்றையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். முப்பது வருஷத்துப் பழைய ஃபைல் ஒன்று.

"நல்லை எல்லாம் ஸ்பேஸா மாத்தித் தாங்கங்காங்க சார்."

"காப்பிபுக் இருக்கா?"

"அதத்தான் சார் மொதல்ல கேட்டேன். யார்ட்டயும் இல்லியாம்."

பெயர், முகவரி எல்லாம் மறைத்துவிட்டு நூறு ரெக்கார்டின் ஹெக்ஸ் மட்டும் அனுப்பியிருக்கிறான். பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். பேக்டு ஃபீல்டு என்றால் முடிகிற அரை பைட்டில் சி, டி அல்லது எஃப் இருக்கும். ரெக்கார்டுக்கு ரெக்கார்டு அதே பத்தியில் வந்தால் அங்கே ஒரு தொகை முடிகிறது என்று அர்த்தம். சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டு வருகிறேன். இதுவரை நான்கு கிடைத்திருக்கிறது. 71-ஆவது பத்தியில் ஒன்று மட்டும் சந்தேகமாக இருக்கிறது. எண்பது ரெக்கார்டில் சி, இருபதில் 40.